சக்கரத்துக்கு வெச்ச கல்

எங்க தொழில்ல சிலையைச் செய்றவங்க வேற, தூக்கி வைக்கிறவங்க வேற. நான் ரெண்டாவது ரகம். மகாபலிபுரத்துப் பட்டறையில சிற்பிங்க மாசக்கணக்கா தட்டித் தட்டி ஒரு சிலையை முடிப்பாங்க. அதுக்கப்புறம் அதை லாரியில ஏத்தி, போக வேண்டிய ஊர்ல எறக்கி, பீடத்துல உட்கார வைக்கிற வரைக்கும் எங்க பாடு. கயிறு, உருட்டுக் கட்டை, செயின், ரெண்டு ஜாக்கி, அப்புறம் என் வாய். "நாம இழுக்குறதுக்கா சிலை நகருது? உன் கத்தல் தாங்காமதான் நகருது மச்சான்"னு என் தங்கச்சி புருஷன் சொல்லுவான்.

அவனை நான் மச்சான்னுதான் கூப்பிடுவேன், அவனும் என்னை அப்படித்தான். கடல்ல வளர்ந்தவன். மீன் பிடிக்கிற போட்டோட விசிறியில வலை சுத்திக்கிச்சுன்னா, கத்தியை வாயில கவ்விக்கினு அடியில போறவன் அவன்தான். நான் மேல உட்கார்ந்து எண்ணிக்கினு இருப்பேன். நூறு தாண்டும். திடீர்னு தலை வெளிய வரும். "எவ்ளோ மச்சான்?" என்பான், ஏதோ பரீட்சை எழுதிட்டு வந்தவன் மாதிரி. "மூச்சுக்கு நமக்கு இன்னா பஞ்சம்?" இது அவனோட பேச்சு. கடல்ல மீன் கம்மியானப்ப என்கூட சிலை வேலைக்கு வந்தான். வலை கட்டுன கை இல்லையா, அவன் போட்ட முடிச்சு ஒரு நாளும் இளகினதில்லை. அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு: கயித்தைக் கட்டினவன்தான் அவுக்கணும். எந்தக் கயிறு எவ்வளவு பாரத்தைப் பிடிச்சிருக்குன்னு அவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேட்டுல லாரி நின்னா, டிரைவர் பிரேக்கை நம்பி யாரும் சும்மா உட்கார மாட்டோம். நான் "கல்லு போடு!"ன்னு கத்துவேன். அவன் குதிச்சு ஓடி பின் சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ அண்டை கொடுப்பான். யோசிக்கவே மாட்டான். கத்தல் காதுல விழும்போதே கால் தரையில இருக்கும். இந்த வழக்கம்தான் அவனைச் சாவு வரைக்கும் கொண்டு போச்சு. அதைத்தான் இங்க எழுத வந்தேன்.

சேலா கணவாய்க்குச் சுரங்கப் பாதை திறக்குறதுக்கு முன்னால நடந்தது இது. அருணாச்சலப் பிரதேசத்துல, சீனா எல்லையை ஒட்டின ஒரு சின்ன மடத்துக்கு எங்க ஊர்லேர்ந்து கருங்கல்லுல புத்தர் போகணும். லாரி அச்சரப்பாக்கத்து அண்ணாத்தயோடது. ஓட்டுறவரும் அவர்தான். மச்சானுக்கு இஷ்டமே இல்லை. "குளிருக்கும் எனக்கும் ஆவாது"ன்னான். நான்தான் விடலை. "மலையை எப்பதான் பாக்கப் போறே, வா மச்சான்"னு இழுத்தேன். கிளம்புற அன்னைக்கு என் தங்கச்சி வாசல்ல நின்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "அண்ணா, இட்டுனு போறது நீ. இட்டுனு வர்றதும் நீதான்."

அந்த மலையை எப்படிச் சொல்றது? எங்க பக்கத்து மலைன்னா செங்கல்பட்டைச் சுத்தி இருக்கிற குன்றுங்கதான். மூச்சு வாங்கிக்கினே ஏறி, உச்சியில நின்னு காத்து வாங்கிட்டு எறங்கிடலாம். அசாம் சமவெளியைத் தாண்டி, செக்போஸ்ட்ல பெர்மிட்டைக் காட்டிட்டு ஏற ஆரம்பிச்சோம். முதல் நாள் வாழையும் மூங்கிலும். ரெண்டாவது நாள் ஊசி இலை மரம். மூணாவது நாள் மரமே இல்லை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே கிடையாது. கீழ எட்டிப் பார்த்தா நாம வந்த ரோடு, நூலை உதறிப் போட்ட மாதிரி கிடக்கும். அண்ணாத்த வாய் ஓயாம பேசுற ஆளு. அன்னைக்கு அவரே பேச்சை நிறுத்திட்டார். ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணு சொன்னார்: "இது மலை இல்லப்பா. கடலு எழுந்து நின்னுகினு கீது."

கணவாய்க்குக் கொஞ்சம் கீழ வண்டிங்க வரிசையா நின்னுது. மேல மண் சரிஞ்சு ரோடு மூடிடுச்சு, எப்ப திறக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்த இடத்துல தகரம் போட்ட ஒரு டீக்கடை. கடைக்காரம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். மோன்பான்னு சொல்ற அந்த மலை ஜனம். சிவப்பும் கறுப்புமா கோடு போட்ட உடுப்பு, கன்னம் ரெண்டும் காஞ்ச மிளகாய் நெறம். டூரிஸ்ட்டுங்ககிட்ட பொறுக்கின இந்தி எனக்கு இருக்கு, அவங்களுக்கும் ஏறக்குறைய அந்த அளவு இந்திதான். அதனால நல்லா ஒத்துப் போச்சு. நான் தீதின்னேன், அவங்க பையான்னாங்க. அக்கா, தம்பி மாதிரி.

ரெண்டு நாள் அந்த அடுப்பைச் சுத்திதான் உட்கார்ந்திருந்தோம். டீயில வெண்ணெயும் உப்பும் போட்டுத் தந்தாங்க. அண்ணாத்த ஒரு வாய் குடிச்சுட்டு, "ரசம் மாதிரி கீதே, சோறு எங்கம்மா?"ன்னு தமிழ்லயே கேட்டார். என்ன புரிஞ்சுதோ, அந்தம்மா சிரிச்சுது.

நான் கதை கேட்கிற ஆளு. எட்டாவதோட பள்ளிக்கூடம் போச்சு. சிலை சுத்திக் கட்டுற பழைய பேப்பரைப் படிச்சும், கண்டவங்க வாயைப் பார்த்தும்தான் எனக்கு எல்லாம் வந்தது. அந்தம்மா சொன்னாங்க: அவங்க பாட்டன் காலத்துல இந்தக் கணவாய் வழியா அரிசியும் மிளகாயும் அந்தப் பக்கம் போகும், அங்கேர்ந்து உப்பும் கம்பளியும் வரும். எல்லைன்னு ஒரு கோட்டை யாரும் பார்த்ததில்லை. அவங்க அத்தையை அந்தப் பக்கம் திபெத்துலதான் கட்டிக் கொடுத்தாங்களாம். அறுபத்திரெண்டுல வந்த சீனா சண்டையில கைக்குழந்தையா இருந்த இவங்களை முதுகுல கட்டிக்கினு அவங்க அம்மா அசாம் வரைக்கும் நடந்தாங்களாம். "திரும்பி வந்தப்போ வீட்டுல கதவு இல்லை, கூரை இல்லை. சுவர் மட்டும் அப்படியே இருந்தது"ன்னாங்க. எந்தச் சுவர்னு நான் கேட்கலை. வீட்டுச் சுவர்தான்னு நினைச்சுட்டேன். அத்தையை அப்புறம் பார்த்தீங்களான்னு மட்டும் கேட்டேன். கரண்டியால மலை உச்சியைக் காட்டினாங்க. "அதுக்கு அந்தப் பக்கம்"னாங்க. அவ்வளவுதான்.

டீக்கடைகிட்ட நின்ன முதல் நாள் சாயங்காலமே மச்சானுக்கு இருமல் வந்துடுச்சு. கடற்கரை ஆளுங்களுக்கு இருமல்னா சளி, மூச்சு அடைச்சா வாயு. நான் ஓமத் தண்ணி வெச்சுக் கொடுத்தேன். ஏப்பம் வரலைன்னு மறுபடியும் கொடுத்தேன். "உனக்கே மூச்சு வாங்குதா?"ன்னு அண்ணாத்த சீண்டினார். அது அவனுக்குச் சுருக்குன்னு தெச்சுடுச்சு. அதுலேர்ந்து வாயை மூடிக்கினு மூக்காலேயே மூச்சு விட்டான், எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. சாப்பாடு எறங்கலைன்னான். தலைவலின்னான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் ஓடிக்கினே இருந்துது. ஆனா அதை வெளிய எடுத்துப் பார்க்கிறதுக்கும் பயம். திரும்பிடலாம்னா வரிசையில முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. நாளைக்கு ரோடு திறந்துடும், தாண்டிட்டா சரியாயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்.

ரெண்டாவது நாள் ஆலங்கட்டி விழுந்துது. கைவிரல் மரத்துப் போச்சு. மச்சான் சக்கரத்துக்குக் கொடுக்கிற மரக் கட்டை ரெண்டையும் பிளந்து எரிச்சுட்டான். "மலையைத் தாண்டினா வேற கட்டை கிடைக்காமயா போவுது?"ன்னான். நானும் கையைக் காட்டிக் குளிர் காஞ்சேன்.

மூணாவது நாள் காலையில வரிசை நகர்ந்துது. நாங்களும் எடுத்தோம். ஒரு வளைவு ஏறியிருப்போம், முன்னால போன வண்டி நின்னுடுச்சு. அண்ணாத்த பிரேக்கை மிதிச்சார். லாரி நின்னுது. அப்புறம் பின்னால ஒரு சாண் நழுவிச்சு. ஒரு சாண்தான். என் பக்கத்து ஜன்னல்ல பார்த்தா ரோடே தெரியலை, பள்ளத்துல மேகம்தான் தெரிஞ்சுது.

"கல்லு போடு!"

கத்தினது நான்தான். உடம்பு முடியாதவனாச்சேன்னு ஒரு நொடி தோணலை. வழக்கம் கத்த வெச்சுது, வழக்கம் அவனை ஓட வெச்சுது. ரோட்டுக்கு நடுவுல, போற வண்டி ஒரு பக்கம் வர்ற வண்டி ஒரு பக்கம்னு பிரிக்கிற மாதிரி, இடுப்பு உயரத்துக்குக் கல்லு அடுக்கின சுவர் ஒண்ணு நீளமா இருந்துது. பலகை பலகையா கல்லு, மேலெல்லாம் எழுத்து வெட்டியிருந்துது. எங்க ஊர்ல ரோட்டோரம் பூரா இப்படித்தான். பெயர் தப்பா வெட்டின கல்வெட்டு, மூக்கு உடைஞ்ச சாமி, பாதி முடிஞ்ச கை. அதுமேல துணி துவைப்போம், அதைப் படியா போடுவோம், லாரிக்கு அண்டை கொடுப்போம். எழுத்து வெட்டின கல்லு கும்பலா கிடந்தா எங்க கண்ணுக்கு அது பட்டறைக் கழிவு. மச்சான் ஓடிப் போய் மேலேர்ந்து கனமா ஒண்ணை உருவி, நெஞ்சோட அணைச்சுக்கினு வந்து, பின் சக்கரத்துக்குச் சொருகினான். லாரி அதுமேல ஏறி உட்கார்ந்துது. 'நறுக்'னு ஒரு சத்தம்.

அடுத்த நிமிஷம் நாலா பக்கத்துலேர்ந்தும் ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. முன்னால ஒரு பெரியவர். தலையில அந்த ஊர்க் கம்பளிக் குல்லா, ஓரத்துலேர்ந்து அஞ்சு வால் தொங்கும், மழைத் தண்ணி முகத்துல விழாம வடியறதுக்கு. அவர் கத்தின கத்தல்ல அஞ்சு வாலும் ஆடுது. மொழி புரியலை. விரல் மட்டும் புரிஞ்சுது: சுவரைக் காட்டுது, சக்கரத்தைக் காட்டுது, மச்சானைக் காட்டுது. எல்லை ஊர், தெரியாத ஜனம், பெர்மிட்டைப் பிடுங்கிட்டா என்ன ஆகும், அடிச்சா யாரு கேட்கிறது? நான் கும்பிட்டுக்கினே நின்னேன்.

டீக்கடையம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாங்க. இந்தியில என்கிட்ட சொன்னாங்க: "இது மனே. ஒவ்வொரு கல்லும் செத்துப் போன ஒருத்தருக்காக மந்திரம் வெட்டி வெச்சது. பையா, இதை யாரும் தொட மாட்டாங்க. சண்டையிலகூட யாரும் தொடலை." அப்பத்தான் அவங்க சொன்ன சுவர் எதுன்னு எனக்கு உறைச்சுது.

மன்னிப்பு கேட்கச் சொல்லலாம்னு மச்சான் பக்கம் திரும்பினேன். அவன் சக்கரத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தான். உதடு நாவப்பழம் தின்னவன் மாதிரி கறுத்திருந்துது. "மச்சான்"னு கூப்பிட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரலை, நுரை வந்துது. பக்கத்துல குனிஞ்சப்ப அவன் நெஞ்சுக்குள்ளேர்ந்து ஒரு சத்தம் கேட்டுது. குழாயில தண்ணி நின்னு காத்து வருமே, அந்தக் கொடகொடப்பு.

அந்தம்மா அவன் உதட்டைப் பார்த்தாங்க. பெரியவர்கிட்ட என்னமோ ரெண்டு வார்த்தை சொன்னாங்க. என்னைப் பார்த்து, "கீழே. உடனே கீழே. மேலே இருந்தா இருக்க மாட்டான்"ன்னாங்க.

லாரியைத் திருப்ப முடியாது. சிலையை விட்டுட்டுப் போகக் கூடாதுன்றது எங்க தொழில் சட்டம். அண்ணாத்த பிரேக்குல வெச்ச காலை எடுக்காம, ஜன்னல் வழியா கத்தினார்: "இன்னாத்த பாத்துகினு நிக்கிறே? புத்தரை நான் பாத்துக்கிறேன், நீ உன் ஆளைப் பாரு!"

அதுக்குள்ள பெரியவர் போய் ஒரு சுமோ கதவைத் திறந்து வெச்சுக்கினு நிக்கிறார். கத்தலை மட்டும் நிறுத்தலை. மச்சானோட ஒரு தோளைப் பிடிச்சுத் தூக்கினதும் அவர்தான். கீழ எறங்கின அந்த வழி முழுக்க, ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையை என் பக்கம் ஆட்டித் திட்டிக்கினே ஓட்டினார். என்ன திட்டினார்னு எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். அந்தத் திட்டு நின்னுடக் கூடாதுன்னு இருந்துது எனக்கு. ஏன்னா, அது நின்னா மச்சான் நெஞ்சுல இருக்கிற சத்தம் கேட்கும்.

அவன் தலை என் மடியில. மூக்குக்குக் கீழ விரலை வெச்சு எண்ண ஆரம்பிச்சேன். கடல்ல எண்ணுவேனே, அதே மாதிரி. அங்க எண்ணும்போது தலை வெளிய வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கும். இங்க எந்தத் தண்ணியிலேர்ந்து எந்தத் தலை வரணும்? ஒவ்வொரு வளைவுலயும் என் தங்கச்சி வாசல்ல நிக்கிறா. போன்ல சிக்னல் இல்லாதது எனக்கு நிம்மதியா இருந்துது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த நேரத்துல அதுவும் ஒரு நிம்மதி.

மரம் தெரிய ஆரம்பிச்ச உயரத்துல ராணுவ முகாம் ஒண்ணு, அதுல சின்னதா ஒரு ஆஸ்பத்திரி. பெரியவர் கேட்டை அடிச்சுத் திறக்க வெச்சார். மூக்குல ஆக்ஸிஜன் வெச்சாங்க. டாக்டர் இளவயசு ஆளு, நிதானமா சொன்னார்: நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்துக்கிச்சு, இன்னும் கொஞ்ச நேரம் மேல இருந்திருந்தா அதுலயே மூழ்கியிருப்பார். மூழ்கியிருப்பார்னு சொன்னார். கடல்லயே மூழ்காத ஆளை மலை மேல வெச்சு மூழ்கடிக்கப் பார்த்திருக்கேன் நான், ஓமத் தண்ணியைக் கொடுத்து.

வெளிய வந்து பார்த்தா பெரியவர் வண்டியோட கிளம்பிட்டார். ஒரு நன்றிகூடச் சொல்லலை நான்.

மறுநாள் மத்தியானம் மச்சான் கண்ணு முழிச்சான். முதல் வார்த்தை: "கல்லை எடுத்தியா?"

"உயிரே போவப் பாத்துது, கல்லைக் கேக்குறியே!"

"நறுக்குன்னுச்சே மச்சான்"ன்னான். அப்புறம், "நீ போ. சிலை அங்க நிக்குது. என் முடிச்சை மட்டும் என்கிட்ட கேக்காம அவுக்காதே."

டாக்டர் அவன் மறுபடியும் மேல ஏறவே கூடாதுன்னுட்டார். ஒரு ராணுவ வண்டியில தொத்திக்கினு நான் மட்டும் ஏறினேன். ஏறும்போது ஒவ்வொரு மூச்சையும் சோதிச்சேன், எனக்குள்ளயும் தண்ணி சத்தம் கேக்குதான்னு.

லாரி ஓரமா நின்னுது, வேற டிரைவருங்க கொடுத்த கட்டை மேல. அண்ணாத்த கம்பளியைப் போத்திக்கினு வெண்ணெய் டீயை ருசிச்சுக் குடிக்கிறார். கல்லு கடைக்குள்ள, ஒரு வெள்ளைத் துணி மேல, கழுவி வெச்சிருந்துது. ஒரு மூலை பேந்திருந்துது. சுவர்ல திரும்ப வெக்கலையான்னு கேட்டேன்.

"எடுத்த கைதான் வைக்கணும். அதுக்குத்தான் காத்திருக்கோம்"ன்னாங்க அந்தம்மா.

"அவனால ஏற முடியாது தீதி. டாக்டர் வேணாம்னுட்டார்."

அவங்க அடுப்புல ஒரு விறகைத் தள்ளினாங்க. "அன்னைக்குக் கத்தினது யாரு?"

"நான்தான்."

"அப்போ நீயும்தான் எடுத்தே."

ஒரு வண்டியில கல்லை அந்த வளைவு வரைக்கும் கொண்டு போய், லாரி நழுவின இடத்துலேர்ந்து நெஞ்சோட அணைச்சுத் தூக்கினேன். அவன் ஓடின தூரம் முப்பது அடிகூட இருக்காது. அதை நடக்க எனக்கு நாலு தடவை நிக்க வேண்டியிருந்துது. காது அடைச்சுது, கண்ணுல பூச்சி பறந்துது. இந்தக் கனத்தோட அவன் ஓடினானா? வாய் திறக்காம, மூக்கால மூச்சு விட்டுக்கினா ஓடினான்? வெச்சதும், அந்தம்மா சொன்னபடி சுவர் வலது கைப் பக்கம் இருக்கிற மாதிரி மூணு சுத்து வந்தேன். பேந்த மூலையை ஒட்ட வெச்சுத் தரட்டுமா, எங்க ஊர்ப் பசை இருக்குன்னு கேட்டேன். "அப்படியே இருக்கட்டும். இவர் ஒரு லாரியைத் தாங்கினவர்"னாங்க. அது யாருக்கு வெச்ச கல்லுன்னு கேட்க வாய் வரலை.

கணவாயைத் தாண்டி மடத்துல சிலையை எறக்கினப்ப, போன் வழியா மச்சான் முடிச்சு முடிச்சா சொன்னான். "இடது பக்கம் மேல கீதே, அது கடைசி... முதல்ல கால்கிட்ட..." நடுவுல பேச்சு நிக்கும். மூச்சு வாங்குறானா, சிக்னல் போச்சா? ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கயித்தைப் பிடிச்சுக்கினு செத்துப் பிழைச்சேன். "கீறேன் மச்சான், கீறேன், அவுத்துடு"ம்பான்.

அவனை வீட்டுல கொண்டு வந்து விட்டப்ப என் தங்கச்சி அவனை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தா. என்னைப் பார்க்கவே இல்லை. உள்ள போய் எங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டா. எனக்கு முதல்ல வெச்சா. அழுகை வந்துடுச்சு எனக்கு.

இப்பவும் சிலை வேலைதான். மேட்டுல லாரி நின்னா நானே எறங்கி ஓடுறேன், கட்டையோட. கத்துறதில்லை. ஆனா கடலை அவன்கிட்டேர்ந்து என்னால பிடுங்க முடியலை. போன வாரம்கூட நெம்மேலி பக்கம் ஒரு போட்டுக்கு விசிறியில வலை சுத்திக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க. வேணாம்டான்னேன். கத்தியைக் கவ்விக்கினு எறங்கிட்டான். நான் விளிம்பைப் பிடிச்சுக்கினு எண்ணினேன். அறுபதுலயே எனக்கு அந்தக் கொடகொடப்பு கேட்க ஆரம்பிச்சுது. எழுபது. எண்பதுல நானே சட்டையோட தண்ணியில குதிச்சுட்டேன்.

எனக்குப் பக்கத்துலயே தலை வெளிய வந்துது. வாயில இருந்த கத்தியை எடுத்துட்டு என்னைப் பார்த்தான்.

"எவ்ளோ மச்சான்?"

"எண்பது"ன்னேன், உப்புத் தண்ணியைத் துப்பிக்கினு.

"இன்னும் வேலை முடியலைடா. நீ குதிச்ச சத்தம் கேட்டுதான் வந்தேன்"னான்.